சிறகுப் படத்தில் ஒரு திருத்தம்

உங்கள் மேசையில் மைக்கூடு இடது பக்கம் இருந்தது, ஐயா. நான் வலது கையால் எழுதுகிறவன் என்பதால் அதை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். எழுதி முடித்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறேன். எங்கே இருந்தது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் எழுத்தர் நல்ல மனிதர்தான். ஆனால் பாதி கேட்டுப் பாதி எழுதுகிறார், மீதியைத் தன் கைச்சரக்காகச் சேர்த்துக்கொள்கிறார். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி. தேநீருக்கும் நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. நைலின் மேற்குக் கரை மலையில் பெயர் செதுக்கி அழிக்கப்பட்ட அந்த அரசனின் கல்லறை பற்றி மெரிடன் துரை இந்தக் குளிர்காலத்தில் ஒரு பெரிய புத்தகம் போட்டிருக்கிறார். அதில் உள்ள படங்களெல்லாம் என் கையால் வரைந்தவை. அரியணையின் முதுகுப் பலகையில் இருந்த பருந்துச் சிறகின் படத்துக்குக் கீழே, ஓரத்தில் உள்ள நான்கு இறகுகள் வரிசை குலைந்து கிடந்தன என்றும், பழங்காலத்தில் உள்ளே புகுந்த திருடர்கள் அவற்றை இடம் மாற்றியிருக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அது தவறு. அந்தத் திருடர்கள் செத்து மூவாயிரம் ஆண்டு இருக்கும். வாய் திறந்து மறுக்க முடியாதவர்கள் என்பதற்காகச் செய்யாத குற்றத்தை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதற்குப் போய் அரசு வழக்கறிஞரிடம் எதற்கு வந்தாய் என்று கேட்டுச் சிரித்தீர்கள். அந்த நான்கு இறகுகளும் நகர்ந்த அன்றுதான், நகர்ந்த அதே இடத்தில்தான், என் தங்கை கணவன் தர்தீர் இறந்தான். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால் துரைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்திருப்பேன்.

என் பெயர் ஃபர்கலி. கினா தொழிற்பள்ளியில் படம் வரையக் கற்றுக்கொண்டேன். காற்சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட ஆரம்பித்ததால் ஊரில் எஃபெந்தி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். தர்தீர் கிஃப்த் ஊர்க்காரன். மண்ணைத் தொட்டே அதற்குக் கீழே சுவர் இருக்கிறதா பாறை இருக்கிறதா என்று சொல்லும் மேஸ்திரிகள் அந்த ஊரில்தான் பிறக்கிறார்கள். என் தங்கை ஸக்கியாவை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். அவனைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. நானும் இப்போது சொல்லப் போவதில்லை, கடைசியில் ஒன்றைத் தவிர.

வேலை எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசனோடு வைத்த மரச் சாமான்கள் எல்லாம் உளுத்துத் தூளாகிவிட்டன. மரத்தில் பதித்திருந்த நீல ஓடுகளும் தங்கத் தகடுகளும் மட்டும் விழுந்த வரிசையிலேயே தரையில் கிடந்தன. அரியணை இல்லை, ஆனால் அரியணை எப்படி இருந்தது என்பது தரையில் இருந்தது. ஒரு துண்டைத் தொட்டு நகர்த்தினால் அந்த அளவுக்கு அரியணை உலகத்தில் இல்லாமல் போகும். யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் அறைக்குள் யாரும் கால் வைப்பதில்லை. வாசற்படியிலிருந்து எதிர்ச்சுவர் வரை மரச்சட்டம் போட்டு, அதிலிருந்து கயிற்றில் பலகைகளைத் தொங்கவிட்டு, பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் வரைவேன். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் எண் அட்டை வைப்பது, வரைவது, அளப்பது, அதன்பிறகுதான் இடுக்கியால் எடுத்துப் பஞ்சு மேல் வைப்பது. பதியாமல் எதையும் அசைக்கக் கூடாது. எங்களுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

வெளிச்சம் கண்ணாடியால் வரும். மலைக்கு வெளியே ஒருவன் பெரிய நிலைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துச் சுரங்க வழிக்குள் அனுப்புவான். திருப்பத்தில் பஷந்தி என்பவன் இன்னொரு கண்ணாடியில் அதை வாங்கி அறைக்குள் திருப்பிவிடுவான். உள்ளே தர்தீர் தன் பலகையில் உட்கார்ந்து சின்னக் கண்ணாடியால் நான் வரையும் துண்டின் மேல் அதைக் கொண்டுவந்து நிறுத்துவான். அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

பாட்டும் உண்டு. கெட்ட காற்றில் ஆட்கள் சத்தமில்லாமல் மயங்கிச் செத்த கல்லறைகள் எங்கள் மலையில் இருக்கின்றன. அதனால் உள்ளே இருக்கும் மேஸ்திரி பாடிக்கொண்டே இருக்க வேண்டும், திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் "ஹேலா ஹேலா" என்று பின்பாட்டுப் பாடுவார்கள். பாட்டு கேட்கிற வரைக்கும் உள்ளே மூச்சு இருக்கிறது, யாரும் வரத் தேவையில்லை. பாட்டு நின்றால் ஓடி வர வேண்டும். தர்தீர் முதலில் பேரீச்சை மரத்தைப் பற்றிய அடியைப் பாடுவான், பிறகு படகு. திரும்பப் பேரீச்சை, திரும்பப் படகு. "அம்மா, கதவைத் திற, கை கழுவத் தண்ணீர் எடு" என்ற தாயின் அடி வேலை முடியும்போது மட்டும்தான். அதைக் கேட்டால் ஆட்கள் கூடையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

எனக்குப் பாட வராது. அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"மச்சான், நீ மட்டும் வாயைத் தொறந்துடாதே. ராஜா பெட்டியோட எந்திரிச்சு ஓடிருவாரு, அப்புறம் எதை வரைவே?" என்பான் தர்தீர்.

அவனுடைய கல்யாணத்தில் நான் ஒரு தடவை பாடித் தொலைத்தேன். அதை அவன் கடைசி வரை விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. இதற்கு முன் வேறொரு கல்லறையில் ஒரு அரசியின் செருப்பை நான் வரைவதற்கு முன்பே தொட்டுவிட்டேன். மணி கோத்த செருப்பு. பார்க்க முழுசாக இருந்தது. உள்ளங்கையில் எடுத்ததும் சாம்பலாகிவிட்டது. மெரிடன் துரை திட்டவில்லை. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் இருந்ததை ஊதினார். அவ்வளவுதான். அந்த ஊதல் இன்னும் என் கையில் இருக்கிறது. அப்போது தர்தீர் முன்னே வந்து, "நான்தான், துரை, இடிச்சிட்டேன். எஃபெந்தி தாங்கிப் பிடிக்கத்தான் பார்த்தாரு" என்றான். அந்த வருடம் முழுக்க அவனை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிக் கூடை சுமக்க வைத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் "ராணி செருப்பை உதறிட்டுப் போயிட்டா, விடு" என்று சிரித்தான். அவனாக எடுத்த முடிவு அது. நான் கேட்கவில்லை.

இனி அந்த நாள். துரை விருந்தாளிகளை அழைத்துவர லக்சருக்குப் போயிருந்தார். நான் சிறகை ஆரம்பித்திருந்தேன், இறகுக்கு ஒரு நீல ஓடு. காலையிலேயே தர்தீர் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தக் கல்லு பல்லு ஆடுற மாதிரி ஆடுது. ஒரு முட்டு குடுத்துட்டு அப்புறம் படுப்போமா?"

முட்டுக் கொடுக்க வேண்டுமானால் கட்டையைத் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றுகிற இடத்தில் இன்னும் பதியாத துண்டுகள் இருந்தன. "சிறகு முடியட்டும்" என்றேன். அவன் கண்ணாடியைத் திருப்பினான். மேற்கூரையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவன் மேஸ்திரி, படம் வரைகிறவன் அல்ல. அவன் வற்புறுத்தியிருக்கலாம்.

வெயில் ஏறிய பிறகு கல் விழுந்தது. என் மேல் அல்ல, அவன் பலகையின் மேல். கயிறு அறுந்து, அவன் ஒருக்களித்துத் தரையில் விழுந்தான், கல் அவனுடைய இடுப்புக்குக் கீழே, கால்களின் மேல் விழுந்தது. தலை சிறகின் பக்கம் இருந்தது. வலது கை மட்டும் விடுபட்டு, ஓரத்து இறகுகளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. விழும்போதும் அவன் சிறகைத் தொடவில்லை. உடம்பை வளைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். அவ்வளவு நல்ல மேஸ்திரி.

திருப்பத்திலிருந்து பஷந்தி கத்தினான். "மேஸ்திரி, என்ன சத்தம் அது?"

தர்தீரேதான் பதில் சொன்னான், நான் அல்ல. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். "ஒண்ணுமில்லடா, ஒரு கல்லு. எவனும் உள்ள வராதீங்க, இறகு மிதிபட்டுரும்!" என்றான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பேரீச்சை மரத்தைப் பாட ஆரம்பித்தான். அவர்கள் ஹேலா ஹேலா என்றார்கள்.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் யோசித்தோம். அந்தக் கல்லைத் தூக்க நான்கு பேராவது வேண்டும். நான்கு பேர் தரையில் நின்றால்தான் தூக்க முடியும், பலகையில் தொங்கிக்கொண்டு முடியாது. அவர்கள் ஓடி வந்தால் அரியணை போயிற்று. அதனால் அவர்கள் கால் வைக்கப் போகும் இடங்களில் இருந்த துண்டுகளை மட்டும் முதலில் பதிந்து எடுத்துவிட்டால், பிறகு கூப்பிடலாம் என்று தீர்மானித்தோம். அவன் சம்மதித்தான். சிரித்தான்கூட.

"அந்தப் பஷந்தி காலு ஒட்டகக் காலு மச்சான். அவனுக்கு ரெண்டாள் எடம் விடு."

வலி இருந்தது, ஆனால் ரத்தம் அதிகம் தெரியவில்லை. கல்லுக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பிறகு பார்த்த டாக்டர், மெதுவாகத்தான் போயிருக்கிறது என்றார். சீக்கிரம் தூக்கியிருந்தால் கால் போயிருக்கும், ஆள் இருந்திருப்பான் என்றார். அவர் ரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறார். தரையைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் வேகமாகத்தான் வேலை செய்தேன். ஆனால் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் ஆளின் கால்களுக்கு இடம் ஆனது. இரண்டாம் ஆளுக்கு ஆகும்போது தர்தீர் படகு அடியைப் பாடிக்கொண்டிருந்தான், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நடுவில் பாட்டை நிறுத்தினான்.

"மச்சான், குளிருது."

என் கோட்டைக் கழற்றி அவன் மேல் போட நினைத்தேன். கோட்டின் நுனி துண்டுகளின் மேல் படும். அதனால் போடவில்லை. "பாடு, உடம்பு சூடாகும்" என்றேன். பாடினான்.

மூன்றாம் ஆளுக்கு இடம் ஆனபோது அவன், "போதும் மச்சான். கூப்பிட்டுரு" என்றான்.

"இதோ ஆயிடுச்சு. நீ பாடு."

"எனக்கு முடியல. நீயே கூப்பிடு. எங்குரல் எட்டாது."

"ஆயிடுச்சுங்கறேன்ல. அசையாம இரு. கை கிட்ட இறகு இருக்கு."

அவன் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு பாடினான், வார்த்தை இல்லாமல் ராகம் மட்டும். பின்பாட்டு சரியாக வந்தது. அந்த வழியில் எந்தக் குரலும் கல்லில் பட்டுப் பட்டு ஒரே மாதிரி ஆகிவிடும், அங்கே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நான்காம் ஆளுக்கும் இடம் ஆனது. அதை மறைக்க விரும்பவில்லை, ஐயா. எட்டுக் கால்களுக்கும் இடம் இருந்தது. அந்த நேரம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடத்தான் தலையைத் தூக்கினேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. கல்லைத் தூக்கினால் அவனை இழுத்து வெளியே எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுப்பார்கள்? வாசல் பக்கம். வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் சிறகு. அவனை அதன் மேல்தான் இழுத்துப் போவார்கள். சிறகைப் பதியாமல் விட்டுவிட்டு, போக வர மட்டும் இடம் செய்து என்ன பயன்? அதுவரை செய்த வேலையெல்லாம் சிறகுக்காகத்தானே.

வெளிச்சமும் அப்போது சிறகின் மேல் வந்து நின்றது. தர்தீரின் கண்ணாடி கீழே விழுந்து சுவரில் சாய்ந்திருந்தது. பஷந்தி அனுப்பிய வெயில் அதில் பட்டு, யாரும் பிடிக்காமலே, நேராகச் சிறகின் மேல் விழுந்தது. அவ்வளவு நல்ல வெளிச்சம் அந்த அறைக்குள் அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. ஒவ்வொரு இறகிலும் நீலம் வேர்வரை தெரிந்தது. பெயரைக்கூட யாரும் விட்டுவைக்காத அந்த அரசனுக்கு அந்தச் சிறகு ஒன்றுதான் மிச்சம். நான் விட்டால் அதுவும் இல்லை.

நான் சிறகை வரைய ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது. திருப்பத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. "மேஸ்திரி?" என்று பஷந்தி கூப்பிட்டான். கூடை கீழே வைக்கும் ஓசை கேட்டது. ஓடி வரத் தயாராகிறார்கள் என்று புரிந்தது. இன்னும் பாதிச் சிறகு இருந்தது.

அதனால் நான் பாடினேன்.

எனக்குப் பாட வராது என்று சொன்னேன் அல்லவா. வாயில் முதலில் வந்தது தாயின் அடி. அம்மா, கதவைத் திற, கை கழுவத் தண்ணீர் எடு. வெளியே கூடை சுருட்டும் சத்தம் கேட்டதும்தான் தப்பு புரிந்தது. உடனே பேரீச்சை மரத்துக்குத் தாவினேன். பிறகு ஹேலா ஹேலா என்றார்கள், உட்கார்ந்துவிட்டார்கள். நான் பாடிக்கொண்டே வரைந்தேன், வரைந்துகொண்டே பாடினேன். பாடும்போது என் கை நடுங்காது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

தர்தீருக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. நான் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கிண்டல் செய்வான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன்.

சிறகு முடிந்தது. சாமானை எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தேன். பிறகு சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள். ஒருவன்கூட நான் இடம் செய்து வைத்த இடத்தில் கால் வைக்கவில்லை.

துக்கத்துக்குக் கூடாரம் போட்டார்கள். நான் அவன் அண்ணன் தம்பிகளோடு வரிசையில் நின்று கை கொடுத்து வாங்கினேன். சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தார்கள், எல்லாரும் குடித்தார்கள், நானும் குடித்தேன். பஷந்தி ஒவ்வொருவரிடமும் போய் அழுதான்.

"கடைசி மூச்சு வரைக்கும் பாடுனாருய்யா. நடுவுல அம்மா அடியைப் பாடுனாரு. நாங்க கூடையைச் சுருட்டிட்டோம், மறுபடி பேரீச்சைக்குப் போயிட்டாரு. அப்பவே புரிஞ்சிருக்கணும் எங்களுக்கு. போறப்ப அம்மாவ நெனச்சிருக்காரு மனுஷன்."

ஸக்கியாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மாவு பிசையும்போது, வெயிலில் ரொட்டியைப் பொங்க வைக்கும்போது அந்தப் பாட்டை அதே வரிசையில் முனகுவாள். முதலில் அம்மா, பிறகு பேரீச்சை. "பயப்படாமப் போயிருக்காருண்ணே. பாடிக்கிட்டே போயிருக்காரு" என்பாள். ஆமாம் என்பேன். நல்லதுதானே.

எனக்குத்தான் கொஞ்சம் தொந்தரவு. இரவில் அல்ல, இரவில் நன்றாகத் தூங்குகிறேன். மதியத்தில்தான். முற்றத்துத் தண்ணீர்ப் பானையில் வெயில் பட்டு என் அறைக் கூரையில் வட்டமாக வெளிச்சம் விழுந்து ஆடும். யாரோ இன்னும் எனக்கு வெயில் அனுப்பிக்கொண்டிருப்பது போல இருக்கும். பானையை நிழலில் மாற்றி வைத்தேன். அப்படியும் வந்தது. ஆற்றைக் கடக்கும்போது துடுப்புக்காரர்கள் ஹேலா ஹேலா என்று நிறுத்துவார்கள், அடுத்த அடிக்காகக் காத்திருப்பார்கள். என் குரல் தானாக எழும். அதனால் ஆற்றைக் கடப்பதையே விட்டுவிட்டேன். அருங்காட்சியகத்தில் அந்த அரியணையைப் புது மரத்தில் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்களாம், என் படத்தைப் பார்த்து. மூன்று முறை அழைத்தார்கள். பார்க்கப் போகவில்லை. பயமாக இருக்கிறது, ஐயா, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அந்தச் சிறகுக்கு முன்னால் நின்றால் நான் பாடிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

இந்த மாதம் ஒரு மதியம் ஸக்கியா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்தபோது அவள் கையில் மாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"அண்ணே, தூக்கத்துல பாடுனே."

"உளறியிருப்பேன்."

"அம்மா அடியைப் பாடுனே. அப்புறம் பேரீச்சைக்குத் தாவுனே. குதிச்ச மாதிரி தாவுனே."

"நீ பாடுறதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்திருக்கும்."

"நான் அப்படித் தாவ மாட்டேண்ணே. எனக்கு பஷந்தி சொன்னதுதான் தெரியும், குதிச்சுத் தாவுனதை அவன் சொல்லல."

அவள் அழவில்லை. கையைக் கழுவினாள். அடுப்பில் காப்பி போட்டாள், சர்க்கரை இல்லாமல். எனக்குத் தரப் போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அதை வாசற்படியில் ஊற்றினாள். மறுபடி போட்டாள், மறுபடி ஊற்றினாள். பானை காலியாகும் வரை செய்தாள். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு தர்தீரின் அண்ணன் தம்பிகள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நீங்கள் கெய்ரோக்காரர், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கொலை செய்யப்பட்டவனுக்குத் துக்கக் காப்பி குடிப்பதில்லை, பழி தீரும் வரை. குடித்த காப்பியைத் தரையில் திருப்பி ஊற்றினால் என்ன அர்த்தம் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அந்த மூன்று அண்ணன் தம்பிகளும் உங்கள் அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலில் பார்த்தால் தெரியும். அவர்களுக்குப் பயந்து நான் இங்கே வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. புத்தகம் தவறாக வந்திருக்கிறது, அதற்காகத்தான் வந்தேன். கொலை என்ற சொல்லை உங்கள் எழுத்தர் மேலே தலைப்பில் எழுதியிருக்கிறார். நான் ஆட்சேபிக்கவில்லை. அவனைக் காப்பாற்றியிருக்க முடியும், நான் செய்யவில்லை, ஆட்கள் வராமல் இருக்கவே பாடினேன், அவன் உயிரோடு இருக்கும்போதே பாடினேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உங்களுக்கு வேண்டியது அது. எனக்கு வேண்டியது வேறு.

எனக்கு வேண்டியது அந்த நான்கு இறகுகள். நான் பாடிக்கொண்டிருக்கும்போது தர்தீரின் கை நகர்ந்தது. அசையாதே என்று அத்தனை முறை சொல்லியிருந்தேன். அவனைப் பற்றி நான் சொல்லும் ஒரே குறை இதுதான். ஓரத்து வரிசையை நான் இன்னும் எட்டவில்லை. விரல்கள் அதன் மேல் ஊர்ந்து, நான்கு இறகுகளையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றன. அவை கிடந்தபடியே வரைந்தேன். எனவே புத்தகத்தில் இப்படித் திருத்தச் சொல்லுங்கள்: இறகுகளை இடம் மாற்றியவர்கள் பழங்காலத் திருடர்கள் அல்லர், கிஃப்த் ஊர் தர்தீர் மேஸ்திரி. நகர்ந்த தூரம் ஒரு சாண். நகர்ந்த திசை தெற்கு, அதாவது நான் படுத்திருந்த பலகையை நோக்கி. என் பக்கம் கை நீட்டி அவன் எதை எடுக்கப் பார்த்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே என்னைத் தவிர வேறு எந்தப் பொருளும் இல்லை.